பூட்டியாச்சு

தள்ளுவண்டிக்கு அடியில் மாட்டுகிற காஸ்டர் சக்கரம் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்கிறார்கள், சார். வழுக்கிக்கொண்டு சுற்றினால் வாங்கிவிடுகிறார்கள். எவ்வளவு பாரம் தாங்கும், பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நாகல் நகரில் நான் பில் போடுகிற ஹார்டுவேர் கடையில் இதைத் தினமும் பார்க்கிறேன். உருள்வது சக்கரத்தின் பாதி வேலைதான். நிற்பது மீதிப் பாதி. நான் சொல்ல வந்தது அந்த மீதிப் பாதியைப் பற்றி.

வாயால் சொன்னால் எனக்குக் குழறும். அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் காகிதம் கொடுத்தீர்கள். சாயந்திர வகுப்பில் அன்றன்றைய வேலையை எழுதிப் பழகியிருக்கிறேன். என்ன செய்தேன், எதில் பிசகினேன், அடுத்த முறை எப்படிச் செய்வேன் என்ற வரிசை. இதையும் அந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். எங்காவது கூடக்குறைய எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

என் பெயர் சந்தோஷ்குமார். அண்ணன் பெயர் இருளப்பன், ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். ஃபிட்டராக இருந்தார் என்று எழுத வேண்டும். எங்கள் வீட்டு முன்வாசலில் டிரில்லிங் மிஷின் கவிழ்ந்து அவருடைய வலது கை நசுங்கியது, மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். உங்கள் ஸ்டேஷன் பதிவில் அது விபத்து என்றிருக்கிறது. காரணம் என்ற இடத்தில், வண்டியின் சக்கரத்தைப் பூட்ட அவரே மறந்துவிட்டார் என்று அண்ணன் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி தவறு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

அண்ணனைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டது எதுவும் இல்லை. அவர் குடித்ததில்லை. என்னை அடித்ததில்லை. அப்பா போன பிறகு என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர்தான். அவரிடம் ஒரே ஒரு பழக்கம் உண்டு. நான் எதையாவது செய்துகொண்டிருந்தால் பின்னால் வந்து நின்று கொஞ்சநேரம் பார்ப்பார். பிறகு, “தள்ளு அப்பு, நான் பாக்குறேன்” என்பார்.

அம்மாவுக்குச் சமையலறையில் ஒரு பலகை மாட்டிக் கொடுத்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, திரும்பப் பார்த்து, சுவரில் குறி போட்டு மாட்டியது. மறுநாள் கடையிலிருந்து வந்தபோது பலகை ஒரு சாண் கீழே இருந்தது. அம்மாவுக்குக் கை எட்டாது என்று அண்ணன் இறக்கி மாட்டியிருந்தார். அம்மாவுக்கு எட்டாதுதான். நான் அளந்ததெல்லாம் சுவரை. அம்மாவை அளக்கவில்லை. யாராவது வந்து பலகை நன்றாக இருக்கிறதே என்று கேட்டால், பெரியவன் மாட்டினது என்று அம்மா சொல்வார். அதிலும் பொய் இல்லை.

கஷ்டமே அதுதான். அவர் திருத்தியது எதுவும் தப்பாக இருந்ததில்லை. தப்பாக இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருக்கலாம்.

சின்னாளபட்டியில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். தம்பி என்ன செய்கிறார் என்று பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பதில் சொல்லி முடித்துவிட்டார். நல்ல பதில். நான் சொல்லியிருந்தால் அப்படி அமைந்திருக்காது. பிறகு அவர்கள் சொல்லியனுப்பியது, மூத்தவர் ரொம்பத் தங்கமான மனிதர், ஆனால் பையனைப் பற்றி ஒன்றும் பிடிபடவில்லை என்று. வினிதா மதினி இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் கார் நிறுத்த ஒரு ஷெட் உண்டு. கார் வாங்கவில்லை. அண்ணன் அதைப் பட்டறையாக்கினார். மில்லில் கழித்துப் போட்ட ஒரு டிரில்லிங் மிஷினை எடுத்து வந்து, சுவரோரம் இருந்த மேஜையில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்தார். நல்ல மிஷின். ஆனால் நீளமான இரும்பை அதில் வைத்தால் சுவரில் இடித்தது. அதை முன்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் சாயந்திரங்களில் வெல்டிங், ஃபிட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நைனா முகமது சார் எங்களுக்கு வாத்தியார். ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு சாமான் செய்ய வேண்டும், அவர் நேரில் வந்து பார்ப்பார், யார் வேலை நன்றாக இருக்கிறதோ அவரை வகுப்பில் தனக்கு உதவியாளாக வைத்துக்கொள்வார் என்றார். பில் போடுவதை விட்டு நான் வெளியே வர ஒரு வழி தெரிந்தது. அதைவிட, என் கையால் ஆரம்பித்து என் கையால் முடிந்த ஒரு சாமானை ஒருவர் வந்து பார்ப்பார் என்பது எனக்குப் பெரிதாக இருந்தது. வண்டியை நான் செய்கிறேன் என்றேன்.

“செய்யி அப்பு. நான் தலையிடவே மாட்டேன்” என்றார் அண்ணன்.

டிரில்லிங் மிஷினுக்குக் கனமெல்லாம் தலையில்தான், சார். மோட்டார் மேலே உட்கார்ந்திருக்கும். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி. அதனால் வண்டியின் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். படம் போட்டு, அளவு குறித்து, ஆங்கிள் இரும்பை வெட்டி வெல்டு வைத்தேன். சூட்டில் இரும்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நான்கு சக்கரத்தில் மூன்றுதான் தரையைத் தொட்டது. வெட்டிப் பிரித்துத் திரும்பச் செய்தேன். அப்போது வேறு சக்கரம் தூக்கிக்கொண்டது. மூலைமட்டத்தை வைத்துவைத்துப் பார்த்தேன். வைக்கும்போது சரியாக இருந்தது வெல்டு ஆறினதும் சரியாக இல்லை. என் கைதான் சரியில்லையோ என்று மறுபடியும் தோன்ற ஆரம்பித்தது. மூன்றாவது தடவை, எல்லா மூலையிலும் முதலில் பொட்டுப்பொட்டாக வைத்துவிட்டுப் பிறகு நிரப்பினேன். நான்கு சக்கரமும் தரையில் நின்றது. அன்றைக்கு நான் சாப்பாட்டில் வெஞ்சனம் இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லை என்று மதினி சொன்னார்.

அண்ணன் வந்து ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். “நல்லாருக்குலே டேப்பு” என்றார். எப்போதும் சட்டைப் பையில் டேப் வைத்திருப்பதால் என்னை அப்படிக் கூப்பிடுவார்.

மறுநாள் நான் கடையிலிருந்து வந்தபோது வண்டியின் அடிப்பக்கம் குறுகியிருந்தது. ஷெட்டின் பக்கக் கதவு வழியாக வண்டி போகவில்லை என்று அண்ணன் வெட்டிக் குறைத்து வெல்டு வைத்திருந்தார். நான் கதவு நிலையை அளந்திருந்தேன். திறந்து நிற்கிற கதவின் கனத்தைக் கழிக்க மறந்துவிட்டேன். அவர் சொன்னது சரி. இரண்டு நாள் கழித்து, குனிந்து வேலை பார்த்தால் இடுப்பு பிடிக்கிறது என்று கால்களை ஒரு சாண் உயர்த்தினார். அதுவும் சரி. ஆனால் அகலம் குறைந்து உயரம் கூடினால் அந்த வண்டி கவிழப் பார்க்கும் என்பதை அவரிடம் சொன்னேன். “மில்லுல எம்புட்டு மிஷினைப் பாத்திருப்பேன்” என்றார். கோபமாக இல்லை, தட்டிக்கொடுத்துக்கொண்டே சொன்னார்.

அதனால் நான் இரண்டு காரியம் செய்தேன். இந்த இரண்டும் என்னுடையவை. உங்கள் பதிவில் இது தெளிவாக வர வேண்டும்.

ஒன்று, எங்கள் கடையில் எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு மூலையில் கிடந்த பழைய இரும்பு எடைக்கற்களைக் கேட்டு வாங்கிவந்து வண்டியின் அடித்தட்டில் அடுக்கினேன். அடியில் கனம் இருந்தால் தலைக்கனம் இழுக்காது. தூசி படாமல் மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினேன். வண்டிக்கு நங்கூரமா என்று அண்ணன் சிரித்தார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது, ஒரு வழக்கம். எங்கள் முன்வாசலில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப்பக்கம் வாட்டம் விட்டுச் சிமெண்டு போட்டிருக்கும். வாசல் ஓரத்தில் தண்ணீர் போக ஒரு சின்ன ஓடை. அந்த வாட்டத்தில் சக்கரத்தை லாக் செய்யாமல் விட்டால் வண்டி மெதுவாக ஓடைப்பக்கம் நகரும். அதனால் மிஷினை ஓட்டுகிறவர் சுவிட்சைப் போடச் சொல்வதற்கு முன்னால் “பூட்டியாச்சா” என்று சத்தமாகக் கேட்க வேண்டும். சுவிட்சுப் பக்கம் நிற்கிறவர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு “பூட்டியாச்சு” என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சுவிட்ச். வகுப்பில் சொன்ன பாதுகாப்பு முறையை நான் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றியது. அண்ணன் இதை ஒரு வார்த்தை திருத்தாமல் ஏற்றுக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் செய்து அவர் அப்படியே விட்டது அது ஒன்றுதான். ஒரு தடவைகூடக் கேட்காமல் அவர் மிஷினை ஓட்டவில்லை. பதில் வந்த பிறகு சக்கரத்தைத் திரும்பிப் பார்த்ததும் இல்லை. என் வார்த்தையே போதும் என்று இருந்தார்.

நைனா முகமது சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அம்மா காபி கொடுத்தார். சார் வண்டியைச் சுற்றி வந்து, உட்கார்ந்து, வெல்டிங் ஓடிய இடங்களை விரலால் தடவிப் பார்த்தார். மேலே இரண்டு மூலையில் விரல் நின்றது. இங்கே இன்னும் கை ஓட வேண்டும் என்றார். பிறகு அடிப்பக்கம் தடவிக்கொண்டே போய், “இது யாரு கை? தண்ணி ஊத்துன மாதிரி ஓடியிருக்கு” என்று கேட்டார்.

அண்ணன் வெட்டி ஒட்டிய இடம் அது. நான் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம் சார் என்று அண்ணன் சொன்னார். சார் சிரித்துவிட்டு, எழுந்து, அண்ணனைப் பார்த்து, சாயந்திரம் உங்களுக்கு ஒழிவு இருக்குமா, நம் வகுப்புக்கு வந்து கொஞ்சம் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்.

அண்ணன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சாரிடம் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“எனக்கு ஷிப்டு மாறி மாறி வரும் சார். இவனைக் கூட்டிக்கிடுங்க. கைதான் கொஞ்சம் நடுங்கும். கணக்கெல்லாம் இம்புட்டு சுத்தமாப் போடுவான்.”

சார், பார்க்கலாம் என்றார். நான் அந்தக் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வந்ததாக நினைவில்லை. ஒரு அளவு எடுத்து முடித்த மாதிரி இருந்தது.

கணக்கு சுத்தமாகப் போடுவான் என்று சொன்னார். போட்டேன்.

மதினி வீட்டு விசேஷத்துக்கு அண்ணனும் மதினியும் அம்மாவும் நத்தம் போயிருந்த பகலில், வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். மிஷினின் கழுத்தில் ஒரு கயிறு கட்டி, ஷெட்டுத் தூணில் முடிந்துகொண்டேன், கீழே விழாமல் பிடிக்க. மிஷின் மேடையில் நீளமான இரும்புச் சேனல் ஒன்றை ஓடைப்பக்கம் நீட்டி வைத்தேன். சக்கரத்தின் லாக்கை எடுத்துவிட்டேன். அடித்தட்டில் கற்கள் இருந்தபோது வண்டி நகர்ந்துபோய், முன்சக்கரம் ஓடையில் இறங்கி, ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. கற்களை எடுத்துவிட்டுச் செய்து பார்த்தேன். நிற்கவில்லை. கயிறுதான் பிடித்தது. திரும்பச் செய்தேன். ஒரே மாதிரிதான் வந்தது. எந்தப் பக்கம் சாய்கிறது, மிஷினின் தலை எந்த இடத்தில் ஓடையின் சிமெண்டு விளிம்பைத் தொடும் என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டு, கழுவிவிட்டேன்.

பாதுகாப்புக்காகச் செய்து பார்த்ததுதான் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். எடைக்கல் எவ்வளவு முக்கியம் என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. அவர் மிஷின் ஓட்டும்போது எங்கே நிற்பார், இடது கால் எங்கே இருக்கும், வலது கை எந்த உயரத்தில் கைப்பிடியைப் பிடித்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உடம்பு விலகிவிடும். கை விலகாது. அவர் பிடித்ததை விடுகிற ஆள் இல்லை. கை மட்டும் போதும் என்றுதான் இருந்தேன். எல்லாவற்றையும் திருத்தியது அந்தக் கைதான். அம்மா, மதினி, மில்லுக்காரர்கள் எல்லோருக்கும் அண்ணன் வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை.

அந்தக் காலையில் பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஒரு சேனலில் ஓட்டை போட வேண்டியிருந்தது. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தபோது நான் வண்டியின் முன்சக்கரங்களைக் கழற்றி, கிரீஸ் வைத்து, திரும்பப் பூட்டினேன். எடைக்கற்களை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். அடித்தட்டு காலியாகத் தெரியக் கூடாது என்று காலி பெயிண்டு டப்பாக்களை அடுக்கி, பழையபடி சாக்கைப் போட்டு மூடினேன்.

அண்ணன் வந்தார். தலை ஈரமாக இருந்தது. வண்டியை வாசலுக்குத் தள்ளும்போது, “என்னலே, இன்னைக்கு லேசாப் போகுது” என்றார். சக்கரத்துக்கு கிரீஸ் வைத்திருக்கிறேன் என்றேன். பரவாயில்லையே டேப்பு என்றார். சேனலைத் தூக்கி மேடையில் வைத்துக்கொண்டு, வழக்கமாக நிற்கிற இடத்தில், ஓடைக்கு முதுகு காட்டி நின்றார். நான் ஷெட்டுக்குள் சுவிட்சுப் பக்கம் போனேன்.

“சக்கரத்தைப் பூட்டியாச்சாலே?”

“பூட்டியாச்சுண்ணே.”

இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும், சார். நம் ஊரில் பூட்டு என்றால் எல்லோருக்கும் திண்டுக்கல் பூட்டுதான் ஞாபகம் வரும். ஆனால் பட்டறையில் பூட்டுவது என்றால் கழற்றினதைத் திரும்ப மாட்டுவது. கழற்றிப் பூட்டு என்று ஒருவர் சொன்னால் சாவியைத் தேட மாட்டோம். நான் சக்கரத்தைக் கழற்றினேன், கிரீஸ் வைத்தேன், பூட்டினேன். அவர் கேட்டார், பூட்டியாச்சு என்றேன். நான் பொய் சொல்லவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். அவர் கைப்பிடியை இறக்க ஆரம்பித்ததும் வண்டி நகர்ந்தது. சேனலின் கனம் முன்பக்கம் இழுத்தது. முன்சக்கரம் ஓடையில் இறங்கியது. கணக்கில் இருந்தபடியே நடந்தது. அவர் உடம்பை விலக்கிக்கொண்டார். மிஷினைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்தார், வலது கையால்.

நான் சுவிட்சை அணைத்தேன். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். மதினி மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். தெருவில் போனவர்கள் வந்தார்கள். மிஷினைத் தூக்கச் செத்த நேரம் ஆனது. அந்தச் சமயம் சாக்கு விலகி, டப்பாக்கள் வாசலெங்கும் உருண்டுகொண்டிருந்தன. ஒரு நீல டப்பா உருண்டுபோய் அண்ணனின் முகத்துக்கு நேரே நின்றது. அவர் அந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வலியில் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது என்று நினைத்தேன். அம்மாவிடம் அவர் சொன்னது, “ஒண்ணுமில்லம்மா, கைதான்.”

ஆஸ்பத்திரி வண்டியில் நான்தான் அவரோடு பின்னால் உட்கார்ந்தேன். அம்மா முன்னால் டிரைவர் பக்கம் அழுதுகொண்டிருந்தார். அண்ணன் கண்ணை மூடியபடியே என்னைக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தேன்.

“டப்பாவையெல்லாம் பொறுக்கிட்டியாலே?”

இல்லை என்றேன்.

“வீட்டுக்குப் போ. மதினியக் கூட்டியாரப் போறேன்னு சொல்லிட்டுப் போ. டப்பாவப் பொறுக்கி உள்ள வச்சிட்டு, கல்ல எடுத்து வண்டிக்கிட்டப் போடு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “அடுக்கி வைக்காத. விழுந்து கெடக்கிற மாதிரி போடு.”

நான் அடுக்கித்தான் வைத்திருப்பேன், சார். அது எனக்குத் தெரியும். அவர் சொன்னது சரி.

அவர் சொன்னபடி செய்தேன். சாயந்திரம் நீங்கள் வந்து பார்த்தபோது கற்கள் கவிழ்ந்த வண்டியைச் சுற்றிக் கிடந்தன. ஒன்றை நீங்கள் காலால் நகர்த்திப் பார்த்தீர்கள். உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. நான் செய்திருந்தால் வந்திருக்கும், அவர் சொல்லிச் செய்ததால் வரவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டபோது அவர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். தம்பி பூட்டியாச்சாண்ணே என்று கேட்டான், நான்தான் பார்க்காமலேயே பூட்டியாச்சு என்று சொல்லிவிட்டேன் என்றார். கேட்டது அவர், பதில் சொன்னது நான். அவர் அதை அப்படியே திருப்பி வைத்துவிட்டார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

நைனா முகமது சார் பார்க்க வந்தபோது, இனிமேல் வீட்டுக்கு ஒரு கை வேண்டும் சார், என் தம்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாராம். சார் சேர்த்துக்கொண்டார். நான் இப்போது சாயந்திரங்களில் உதவியாளாக இருக்கிறேன். அண்ணனைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிடுவது நான்தான். தெருவில் எல்லோரும், தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். அண்ணன் இடது கையால் எழுதிப் பழகுகிறார். என்னுடைய எழுத்தைவிட இப்போதே நன்றாக இருக்கிறது.

இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடந்தது. அதை நான் நடத்துவதாக இருந்தேன். ராத்திரி உட்கார்ந்து எழுதித் தயார் செய்திருந்தேன். நைனா முகமது சார் கடைசி நேரத்தில் அண்ணனை வரவழைத்துவிட்டார். பட்டவரே சொன்னால் மனசில் பதியும் என்றார். அண்ணன் சட்டைக் கையை மடித்துக் காட்டி, ஒரு வார்த்தையில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று பேசினார். நடுநடுவே சிரிக்கவும் வைத்தார். பூட்டியாச்சா, பூட்டியாச்சு என்ற வழக்கத்தை அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் திரும்பச் சொன்னார்கள். அந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தியது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் கடைசி பெஞ்சில் என் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தேன்.

தப்பான காரணத்தைச் சொல்லிப் பாடம் நடத்துவது சரியில்லை, சார். பிள்ளைகள் அதை நம்பிப் படிப்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில்தான் வந்திருக்கிறேன். வேறு எதுவும் இல்லை. கற்களை எடுத்தது நான். டப்பாக்களை வைத்தது நான். லாக்கைப் போடாமல் விட்டது நான். பூட்டியாச்சு என்று சொன்னது நான். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை அதில் வேறு யார் கையும் படவில்லை. ஒரு இடத்திலும் பிசகவில்லை. அதைத் தயவுசெய்து என் பெயரில் எழுதுங்கள்.

அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று கான்ஸ்டபிள் சொன்னார். ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாராம். அன்றையிலிருந்து தம்பிக்குத் தூக்கம் இல்லை, மனசு சரியில்லை, எதையாவது சொல்லுவான், எழுதி வாங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நான் கையெழுத்துப் போடுகிறவரை அவரை உள்ளே விடாதீர்கள், சார். வந்தால் இதையும் வாங்கிச் சரிசெய்துவிடுவார்.